வேன்காரம்மா இடித்த சுவர்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டியதால் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் வேன்காரம்மாதான். வண்டிக்குள் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் கத்தமாட்டாள். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "ஏன் வேன்காரம்மா நிறுத்திட்டீங்க?" என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். "நீங்க சண்டைய முடிச்சுக்குங்க, அப்புறம் போகலாம்" என்பாள். சண்டை பிசுபிசுத்துப் போகும்.

அவள் கணவர் தையல் கடையில் துணி வெட்டுபவர். அவரையும் ஊர் மாஸ்டர் என்றே அழைத்தது. இருவரும் சேர்ந்து வாங்கியது ஒரு பழைய வீடு. யாரோ ஒருவர் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கட்டும் என்று ஹாலின் நடுவே குறுக்காக ஒரு சுவர் எழுப்பியிருந்தார். சமையலறைக்குப் போக அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து ஒரு சந்துக்குள் நுழைய வேண்டும். குளியலறையோ அதைவிட விசேஷம்: வாசலில் ஒரு படி ஏறி, உள்ளே காலை வைத்ததும் ஒரு படி இறங்க வேண்டும். "இதைக் கட்டினவரு கையில கிடைச்சா ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

குடிவந்த அன்றே சுவரை இடிப்பதாகச் சொன்னாள். முதலில் மகளின் பரீட்சை வந்தது, பிறகு கல்லூரி, பிறகு கல்யாணம். ஒவ்வொரு பெரிய லீவும் "அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம்" என்று நழுவிப் போனது. கடைசியில் ஒரு வருஷம் மேஸ்திரியையே வரவழைத்துவிட்டாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா நிக்குதும்மா, எந்தப் பாரத்தையும் தாங்கலை. தாராளமா எடுக்கலாம்" என்றார். லீவு தொடங்கியதும் வேலை என்று பேச்சு முடிந்தது.

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் கண் காலை வாரிவிட்டது. பக்கவாட்டில் நீட்டிய டீ கிளாஸ் அவருக்குத் தெரியவில்லை, கை பட்டு உருண்டது. கடை வாசலில் நின்றிருந்த சைக்கிள் தெரியவில்லை, அதோடு சேர்ந்து விழுந்தார். கண் டாக்டர் சோதித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி வருகிறது, போனது திரும்பாது, மருந்து அதன் வேகத்தை மட்டும்தான் குறைக்கும். எவ்வளவு நாள் தாங்கும் என்று அவள் கேட்டாள். "ஆளுக்கு ஆள் மாறும்மா. நான் ஒண்ணு சொல்லி அது பொய்யாகக் கூடாது" என்றார்.

மறுநாளே அவள் மேஸ்திரிக்குப் போன் செய்து, வேலை வேண்டாம் என்றாள். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. மாஸ்டரின் அக்கா வந்து உட்கார்ந்து, "நல்ல வேளை நிறுத்தினே. உடம்பு சரியில்லாத மனுஷனை வச்சுக்கிட்டு வீட்டைத் தலைகீழாக்குவாங்களா? சிமெண்டுத் தூசி கண்ணுக்கு ஆகுமா?" என்றார். நாத்தனார் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த மாதம் இருவரும் மகள் வீட்டுக்குப் போய்வந்தார்கள். பளபளவென்ற புது அடுக்குமாடி வீடு. போன முதல் மணி நேரத்திலேயே மாஸ்டர் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார். அப்புறம் இருந்த நாளெல்லாம் ஒரே நாற்காலியில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தார். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அவளைப் பார்த்துத் தொண்டையைச் செருமுவார், அவள் எழுந்து கூடப் போவாள். திரும்பி வந்து தங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதுதான் தாமதம், மனிதர் விறுவிறுவென்று உள்ளே நடந்தார். சுவரைச் சுற்றி, சந்தில் உடம்பை ஒருக்களித்து, படி ஏறி, படி இறங்கி, குழாயைத் திறந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள் அவள். இந்த வீடு அவர் காலுக்கு மனப்பாடம். இனி இதில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்று அப்போது நினைத்தாள்.

லீவு முடியும் சமயத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வந்தது: ஏரிக்குப் பின்னால் இருக்கும் புதுக் குடியிருப்புப் பிள்ளைகளையும் இனி அவள்தான் ஏற்ற வேண்டும். புது வழி என்றால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் ஏறும் முன்பே, நல்ல வெளிச்சத்தில், காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பாள். எங்கே பள்ளம், எந்தத் திருப்பத்தில் மரம் மறைக்கிறது என்றெல்லாம் கண்ணில் ஏற்றிக்கொள்வாள். பனி மூடினாலும், மழை கொட்டி முன்கண்ணாடி ஒன்றும் தெரியாமல் போனாலும் பிறகு கை தானாகத் திருப்பும்.

அன்றும் அப்படித்தான் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்டினாள். பிள்ளைகள் இல்லாத வேனில் அவள் அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

இந்தச் சுவரும் சந்தும் இரட்டைப் படியும் இன்றைக்கு அவருக்கு மனப்பாடம்தான். ஆனால் முழங்கால் தளர்ந்த பிறகு? ஒருநாள் அந்தப் படியில் விழுந்து, வேறு வழியில்லாமல் வீட்டை மாற்ற வேண்டி வந்தால்? அன்றைக்குப் பார்வையும் இருக்காது. சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும், அவர் கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளும் காலத்திலேயே. எல்லோரும் வேண்டாம் என்று சொல்லும் இந்த நேரத்தைவிட்டால் வேறு நேரமே இல்லை.

வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொன்னாள். மாஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"குருடனுக்கு எதுக்கும்மா புது வீடு?"

அந்த வார்த்தை அந்த வீட்டுக்குள் அதுவரை நுழைந்ததில்லை. அவள் அவர் பக்கத்தில் போய், அவர் பார்வை எட்டும் இடமாகப் பார்த்து, நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஆகலைங்க. ஆகறதுக்கு முன்னாடி பார்த்து வச்சுக்கங்கன்னுதான் சொல்றேன். நாளைக்கு மாத்தினா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். இன்னைக்கு மாத்தினா நீங்களே நடப்பீங்க. எனக்கு வேன் ஓட்டவே நேரம் சரியா இருக்கு."

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்து, சமையலறை மேடை தன் இடுப்புக்கு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அளக்க ஆரம்பித்தார்.

சுவர் ஒரே நாளில் விழுந்தது, குளியலறையின் இரட்டைப் படியும் தரைமட்டமானது. ஹாலுக்குள் அவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. தரைக்கு ஒரே நிறத்தில் வழவழப்பான டைல்ஸ் போடலாம் என்றார் மேஸ்திரி, அதுதான் இப்போது எல்லாரும் போடுவது என்று. வழுக்காததுதான் வேண்டும், ஓரத்தில் சுவரை ஒட்டிக் கறுப்புப் பட்டை வேண்டும், வாசல்களுக்கு வேறு நிறம் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "பார்க்க நல்லா இருக்காதேம்மா" என்று இழுத்தார் அவர். "பார்க்கறவர் ஒருத்தர்தான் மேஸ்திரி. அவருக்குத் தெரிஞ்சா போதும்."

வேலை பாதியில் இருந்தபோது அவள் பயந்தது நடந்தது. காலை டிரிப் முடித்து வருவதற்குள், குவித்து வைத்திருந்த ஜல்லியில் தடுக்கி மாஸ்டர் விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு வந்த தம்பியைப் பார்த்து அக்கா கொதித்துப் போனார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உன் பிடிவாதத்துக்கு என் தம்பி கைதான் கிடைச்சுதா?"

"தப்புதான் அண்ணி" என்றாள் வேன்காரம்மா. மேஸ்திரியை அனுப்பிவிட்டாள். பாதி பெயர்ந்த தரையைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். சமைத்தாள், வேன் ஓட்டினாள், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு காலையில் டிரிப் முடித்து வந்தபோது உள்ளே கொத்துக்கரண்டிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி உட்கார்ந்து தரையில் கலவையைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு மாஸ்டர்.

"யாருங்க இவரை வரச் சொன்னது?"

"நான்தான். பாதி வெட்டின துணியை யாராவது மடிச்சு வைப்பாங்களா? கை ஒட்டிக்கும். கண்ணு காத்திருக்காது, வேன்காரம்மா." கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நிறம் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடமே விட்டாள். அவர் சமையலறைக்கு எலுமிச்சை மஞ்சளும், படுக்கையறைக்குக் கிளிப்பச்சையும் சொன்னார். பெயின்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நிஜமாவா அம்மா?" என்று கேட்டார். கண்ணைக் குத்தும் நிறங்கள், அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "அவர் சொன்னதையே அடிங்க" என்றாள். இந்த நிறங்களை அவர் பார்க்கப் போவது கொஞ்ச காலம், மனதில் வைத்திருக்கப் போவதுதான் நெடுங்காலம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலை முடிந்ததும் மாஸ்டர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு மூடிக்கொண்டு. இடித்துக்கொண்டால் கண்ணைத் திறந்து பார்த்து, திரும்ப வாசலிலிருந்து தொடங்குவார். அவள் உதவிக்குப் போகவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் எதிலாவது மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில வருஷம் பார்வை தாங்கியது. இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். அவள் காலை டிரிப் முடித்து வரும்போது டீ தயாராக இருக்கிறது. வந்தவர்களைக் கிளிப்பச்சை அறைக்கு அழைத்துப் போய், "இது நான் எடுத்த கலர்" என்று பெருமையாகக் காட்டுகிறார். எவ்வளவு விசாலம் என்று வியந்த அக்கா, இந்த யோசனையே தன்னுடையது என்று உறவுக்காரர்களிடம் சொல்லி வருகிறார். வேன்காரம்மா மறுப்பதில்லை.

அவளுக்கு இருப்பது ஒரே ஒரு குறை. ஹால் லைட்டின் ஸ்விட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள், அத்தனை யோசித்தவள் அதை மட்டும் கவனிக்கவில்லை. இருட்டியதும் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாள். "இன்னும் ரெண்டு அடி இடது பக்கம்மா" என்று உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுப்பார்.