விமானத்துக்கு வைத்த பொட்டு

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுக்கு வந்தவை. ஆறு பேரில் ஒருவரையும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பியதில்லை. எது பெற்றது எது வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். கேரித் தீவுத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிக்கக் காலைப்பொழுது போய்விடும். போகட்டும்.

என் மூன்றாவது மகனைப் பற்றியும் அவன் அப்பாவைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் விமானம்.

அப்போது நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. கையில் எப்போதும் கிரீஸ் வாசம் இருக்கும், எந்தச் சோப்புக்கும் அது போகாது. மூன்றாவது மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே கடல் பைத்தியம். பதினேழு வயதில் நேவியில் சேரப் போனான். உடம்பைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் தேறிவிட்டான். வயது பத்தாததால் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் போடவில்லை.

"தண்ணியில போற வேலை நம்ம வம்சத்துக்கே வேணாம்" என்றார். அவ்வளவுதான் காரணம். நான் கேட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. சண்டை எல்லாம் கிடையாது. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே குழம்பு. பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போகும், என் வழியாகத்தான் வரும். இவர் அவனை "உன் மகன்" என்பார். அவன் இவரை "உங்க வீட்டுக்காரரு" என்பான்.

அவனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் போய் வருவான். கடலைப் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதுகிற வேலை. அதுவும் ஒரு தண்டனைதான் என்று எனக்குத் தோன்றும், சொன்னதில்லை.

அப்புறம் ஒரு நாள் பூடு வட்டாரத்தில் ஒரு சீனர் கடையிலிருந்து பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேலே விமானத்தின் படம்.

"என்னடா இது?"

"நேவி பிளேன்மா. கப்பல்ல இருந்து கெளம்பும், கப்பல்லயே எறங்கும்."

மகன் உள்ளே போனதும் என் வீட்டுக்காரர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "மலாய்க்காரன் பிளேனையே பறக்கிற கப்பல்ங்கிறான். உன் மகன் கப்பலுக்கு மேல கப்பல வைக்கிறானாக்கும்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது எனக்குத் தெரிந்தது.

பெட்டிக்குள் விமானம் இல்லை. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் இருந்தது, அதில் துண்டு துண்டாக உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மகன் அவற்றை நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். எடுத்த பிறகு அந்தச் சட்டம், மீனைத் தின்றுவிட்டு ஒதுக்கிய முள் மாதிரி இருக்கும். துண்டுகளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பான், ஒட்டுவான், இடுக்கில் பூசி அடைப்பான், மறுபடியும் தேய்ப்பான். வேலை விட்டு வந்து குளித்து உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்காது. விமானி உட்காரும் இடத்தை மட்டும் வாரக்கணக்கில் செய்தான். பொத்தான் பொத்தானாகச் சாயம் வைத்தான். அதை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமேம்மா" என்றான்.

ஒரு நாள் என்னிடம் வந்தான். "அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட தூண்டில்ல கட்டுற ஈயக் குண்டு இருக்குமான்னு கேளுங்க."

அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குன்னு கேளு" என்றார், பேப்பரை இறக்காமல்.

"மூக்குல பாரம் வைக்கணும்மா. இல்லன்னா பின்னுக்குச் சாஞ்சிரும், வால்ல உட்காரும்."

"உன் மகன் பிளேனுக்கும் மூக்குல பாரம் வேணுமாக்கும்" என்றார். ஆனால் எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்கு மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப் போகும் டின்னைத் திறந்து, இருப்பதிலேயே சின்னக் குண்டுகளாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். மகன் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். நான் நடுவில் தபால்காரி மாதிரி நின்றேன்.

சாயம் அடிக்கிற நாட்கள் வந்தன. வீடெல்லாம் சாயம் கரைக்கிற தின்னர் வாசம். மேல் பக்கம் சாம்பல், வயிற்றுப் பக்கம் வெள்ளை. ஏன் இரண்டு நிறம் என்றேன்.

"மேல இருந்து பாத்தா கடலு, கீழ இருந்து பாத்தா மேகம்."

"யார் கண்ணுலயும் படாம இருக்கவா இவ்வளவு பாடு?"

"ஆமாலா, அதான்மா சாமர்த்தியம்."

மினுங்கவே மினுங்காத சாயம் அது. தூசி விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், விரல் பட்டால் தடம் பதியும். அதனால் சோற்றை மூடும் என் வலைக்கூடையை எடுத்து விமானத்தின் மேல் கவிழ்த்து வைத்தான். "என் சோத்துல ஈ மொய்க்குது, பிளேனுக்குக் கூடையா?" என்று அவர் சத்தம் போட்டார். மறுநாள் பாசாரிலிருந்து வரும்போது புதிதாக ஒரு கூடை வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

இந்த மாதிரி விமானங்களைச் செய்கிறவர்கள் எல்லாரும் கொண்டுவந்து வைக்க, கோலாலம்பூரிலேயே ஒரு கடைத்தொகுதியில் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. "நேவிக்காரங்களும் பாக்க வராங்களாம்மா" என்றான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகம் இருந்த இருப்பை நான் இன்றும் மறக்கவில்லை. பரிசு அவனுக்குப் பெரிதில்லை. எந்த உடுப்புக்காரர்கள் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களோ, அவர்கள் முன்னால் தன் கையால் செய்ததோடு ஒரு முறை நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை.

என் வீட்டுக்காரர் கோவிலுக்கு அதிகம் போகிறவர் இல்லை. ஆயுத பூஜை மட்டும் அவருக்குத் தவறக் கூடாது. வேலைச் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்துப் பாயில் வரிசையாக வைப்பார். அவருடைய ஸ்பேனர்கள், சுத்தியல், கைவிளக்கு, என் தையல் மெஷின், அரிவாள்மனை, பிள்ளைகளின் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் அவரே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். சோறு போடுவதற்கெல்லாம் பொட்டு வைக்க வேண்டும் என்பார்.

அன்று காலை மகன் வேலைக்குப் போயிருந்தான், சனிக்கிழமை அரை நாள். நான் சுண்டலை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கூடையைத் தூக்கி, இரண்டு கையாலும் விமானத்தை ஏந்திக்கொண்டு வருகிறார். பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. பாயில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.

"என்னங்க, அவன ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவன் கைவேலைக்கு நான் பொட்டு வைக்கக் கூடாதா?"

"உன் மகன்" என்று சொல்லவில்லை. "அவன்" என்றார். மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒவ்வொன்று, இரண்டு வாலிலும் ஒவ்வொன்று. சந்தனம், மேலே குங்குமம். மல்லிகைப்பூ ஒன்றைக் கிள்ளி விமானியின் கண்ணாடி மேல் வைத்தார். கற்பூரம் காட்டும்போது விமானத்துக்கு நேரே அவர் கை நின்றுவிட்டது.

அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்மா. இவ்வளவு பொறுமை உள்ள பயல எந்தக் கடல் என்ன செஞ்சிருக்கும்? நீ ஒண்ணும் சொல்லிக்காத. இது என் வாயால சொல்ல வேண்டியது. சாயந்திரம் நானே சொல்றேன்."

சரி என்றேன்.

மதியம் மகன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பாயைப் பார்த்துவிட்டான். சட்டைக் கையால் பூவைத் தட்டிவிட்டு விமானத்தை எடுத்தான். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அடியில் குங்குமச் சிவப்பு சாம்பல் சாயத்துக்குள் இறங்கியிருந்தது. அது மினுங்காத சாயம், தண்ணீரைக் குடிக்கிற மாதிரி குடித்துவிட்டது.

அவன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான். அப்போதும் என் வழியாகத்தான். "உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்கம்மா. நேவிக்குத்தான் விடல, இதையாவது விடக் கூடாதா? நாளைக்கு அவங்க முன்னால என்னத்த கொண்டுபோய் வைப்பேன்? நான் எதச் செஞ்சாலும் கெடுக்கணும்னே இருக்காரா?"

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டான். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் பாயில் உட்கார்ந்தார். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தார். சிவப்பு பரவியது. பிறகு மகனின் தின்னர் போத்தலைத் திறந்து துணியில் ஊற்றினார். நான் "வேணாங்க" என்பதற்குள் இறக்கையை அழுத்தித் தேய்த்துவிட்டார். ரயில் பெட்டியில் கறை போக்குகிற கை அது. சாயம் குழைந்து எழும்பி உள்ளே இருந்த பிளாஸ்டிக் தெரிந்தது. வாலுக்கு அடியில், கப்பலில் இறங்கும்போது கயிற்றைப் பிடிக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு, அதுவும் முறிந்தது.

மகன் துண்டோடு வந்து நின்றான்.

"விடுங்க" என்றான். நேவிக்குக் கையெழுத்துப் போடாத நாளுக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து அவன் நேராகச் சொன்ன ஒரே வார்த்தை.

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூடிக்கொண்டேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு வெறும் கையோடு போய், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்றேன். "நல்லா இருந்துச்சு" என்றான். விமானத்தைப் பெட்டிக்குள் வைத்தான். அந்த மாதம் முடிவதற்குள் கிள்ளானில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு இன்னொன்று செய்யவில்லை.

இவர் சொல்வார் சொல்வார் என்று நானும் இருந்தேன். தீபாவளிக்கு மகன் வருவான், சாப்பிடுவான், போவான். வரும்போதெல்லாம் இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். தொண்டையைச் செருமுவார். அப்புறம் "உன் மகனுக்கு இன்னும் கொஞ்சம் கறி வை" என்பார். அவ்வளவு தூரம்தான் அவரால் வர முடிந்தது. மகன் விட்டுப் போன பெட்டியை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எடுத்து, திறக்காமல், சாமான்களோடு வைத்து மூடியின் மேல் பொட்டு வைப்பார். அதை மகன் பார்த்ததே இல்லை, அன்று அவனுக்கு வேலை இருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் பாசாரிலிருந்து வந்து பையை வைத்தவர், தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

மகன் வந்து எல்லாக் காரியமும் குறையில்லாமல் செய்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுகிற பிள்ளையை இன்னும் அழ வைத்ததாகும் என்று விட்டேன். அப்புறம் அவனுக்குக் கல்யாணம், குழந்தை, நானும் கிள்ளானுக்கு அவனோடு வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு ஏற்ற நாளாக இல்லை. நான் செய்தது தப்பு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அவர் வாயால் சொல்ல வேண்டியது என்றார், அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். ஆனால் வாயே போன பிறகு வாக்கை யாருக்காகக் காப்பாற்றினேன்?

போன வாரம் என் பேத்திக்குக் கடல் தாண்டிச் சபாவில் வேறு வேலை கிடைத்தது. போகலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். நான் சமையலறையில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகன் சொன்னது அங்கிருந்தே கேட்டது.

"போம்மா. எங்கப்பா மாதிரி நான் தடுக்க மாட்டேன். நான் செஞ்சது ஒண்ணுகூட அவர் கண்ணுக்கு ஒண்ணாத் தெரிஞ்சதில்ல."

கீரையை அப்படியே வைத்துவிட்டேன். அறுபது வயதாகிறது என் மகனுக்கு. இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் வரவில்லை, நானும் அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள்தானே. அதனால்தான் எழுதினேன்.

பேத்தி இப்போதுதான் வேலை விட்டு வந்தாள். "என்ன பாட்டி, பரீட்சையா எழுதுறீங்க?" என்கிறாள்.

இங்க வந்து உட்காரு கண்ணு. நான் எழுதுனத முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தா நீயே சரி பண்ணிக்கிட்டுப் படி, நடுவுல நிறுத்தாத. கதவச் சாத்த வேணாம். உங்கப்பா ஹால்லதான் இருக்காரு. கொஞ்சம் சத்தமாப் படி.