சூடேறாத மண்

இரண்டாயிரங்களின் நடுவில் நானும் என் மனைவியின் தமையனும் சேர்ந்து புல்வெட்டும் தொழில் செய்தோம். ஒரு பழைய வான், இரண்டு மெஷின், நாங்கள் இருவர். பிரெஞ்சு பேசும் அந்தக் குளிர்நகரில் லவாலிலிருந்து நோத்ர-டாம்-த-கிரேஸ் வரை போய்வருவோம். அதற்கு முன் ஒரு தையல் தொழிற்சாலையில் துணிச்சுருள் தூக்கினோம். அது மூடப்பட்டபோது, இனி ஒருவனுக்குக் கீழேயும் வேலை செய்வதில்லை என்று மச்சான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது கோடையில் வெயில் கொளுத்தியது. வாடிக்கையாளர்களின் புற்றரைகள் கருகத் தொடங்கின. அப்போதுதான் மச்சான் ஒரு விதையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துப் புல். நம் அறுகுக்குச் சொந்தம். சில வீடுகளில் பழைய புல்லைச் சுரண்டியெடுத்துவிட்டு அதை விதைத்தோம். அந்த வெயிலிலேயே கொடியோடிப் பரந்தது. தெருவில் போனவர்கள் நின்று விசாரித்தார்கள். மச்சான் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

முதல் உறைபனி விழுந்த காலையில் அவ்வளவும் வைக்கோல் நிறமாகிவிட்டது.

"சாகேல்லை மச்சான். இந்தப் புல்லு குளிருக்கு நித்திரை கொள்ளும். மண் சூடாக எழும்பும்," என்றார்.

எல்லா வீடுகளிலும் அதையே சொன்னோம். அவற்றில் ஒன்று நோத்ர-டாம்-த-கிரேஸில் தனியாக இருந்த ஒரு அம்மாவின் வீடு. அவருடைய கணவர் அதற்கு முந்திய குளிர்காலத்தில் இறந்திருந்தார்.

அந்த வருடம் பனி சரியாகக் கொட்டவில்லை. ஜனவரியில் மழை பெய்து, உறைந்து, புல்லின் மேல் பனிக்கட்டி பாளமாகக் கிடந்தது. பனி மூடியிருந்தால் வேருக்கு அது போர்வை. கட்டிக்குள் அகப்பட்ட வேருக்கு மூச்சில்லை.

மே மாதம் தெரு முழுக்கப் பச்சையானது, நாங்கள் விதைத்த இடங்களைத் தவிர. அந்த அம்மா கதவைத் திறந்து, "இன்னும் நித்திரையா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வுய், மடாம். மேல் வெயில் மட்டும் காணாது, உள்மண்ணும் சூடாக வேணும்," என்று மச்சான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினார். அவர் சொன்னது பொய்யல்ல. அந்தப் புல் சூடான ஊர்களில் அப்படித்தான் எழும்பும்.

ஜூன் மாதம் அந்த அம்மாவின் முற்றத்தில் மச்சான் முழங்காலிட்டு ஒரு தண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் உண்டு. அது மண்ணிறமாக இருந்தது. இழுத்ததும் நூல்போல அறுந்தது. முற்றத்தின் நடுவுக்குப் போய் இன்னொன்றை இழுத்தார். பிறகு இன்னொன்று. வெயில் படும் பக்கம், வீட்டுச் சுவரோடு ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தளிர் நின்றது.

"பார்! நான் சொன்னனான் எல்லே!" என்று கத்தினார்.

"அது வீட்டுச் சூட்டில தப்பினது மச்சான். மற்ற இடத்துக்கு என்ன செய்யிறது?"

அவர் அந்தத் தளிரைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊர் விதையை வாங்கி மறுபடி தூவினோம். முளைத்தது ஜூலை வெயிலில் கருகியது. ஒவ்வொருவராக எங்களை நிறுத்தினார்கள். அந்த அம்மா ஏசவேயில்லை. இருவருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்கள் எடுத்தது என் கணவர் போட்ட புல். இந்த வீட்டுக்கு வந்த வருடம் போட்டது. இனி வர வேண்டாம். மெர்சி," என்றார். மச்சான் தண்ணீரைக் குடிக்காமல் கிளாஸைப் படியில் வைத்தார்.

அதன்பின் அவர் வானை எடுக்கவில்லை. நான் ஒரு உணவகத்துக் குசினியில் சேர்ந்தேன். அங்கே இன்னொரு ஆள் தேவைப்பட்டபோது, வில்லரேயில் அவர் இருந்த நிலக்கீழ் அறைக்குப் போனேன். பட்டப்பகலில் கட்டிலில் கிடந்தார்.

"வேலை ஒண்டு இருக்கு. நாளைக்கு வாறியளோ?"

"பேந்து பாப்பம்," என்று தள்ளிப்போட்டார், சுவரைப் பார்த்தபடி.

அடுத்த மாதமும் அதே சொல்தான். அடுத்த வருடமும் அதே சொல். நான் கேட்பதை விட்டுவிட்டேன். என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு போவாள். அவர் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வருவாள். பல வெள்ளிகளில் முந்திய கிழமைச் சோறும் அங்கேயே இருக்கும்.