நாலாவது கிண்ணமும் ஐந்தாவதும்

கொழும்பில் பதினோராண்டு தேயிலை சுவைத்துத் தரம் பிரித்த விக்னராஜா, 1974இல் மெல்பேர்ணின் மது இறக்குமதி நிறுவனமொன்றில் களஞ்சிய ஊழியராக இருந்தார். மது சுவைத்துத் தரம் பார்க்கும் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்தும், கொழும்புச் சான்றிதழ் செல்லாது என்றே பதில் வந்தது.

அவ்வாண்டு ஓகஸ்டில், ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயின் உயர்தர வகைகளைச் சுவைக்க நிறுவனம், அவற்றைத் தயாரித்த ஜப்பானியரையும் அழைத்து, ஒரு கூட்டம் நடத்தியது. ஊழியரும் குறிப்பெழுதலாம், மிகச் சரியாக எழுதுபவருக்கு அப்பதவி என்றார் முகாமையாளர்.

அடியில் நீல வளையமிட்ட வெள்ளைக் கிண்ணங்கள் ஆறு. மற்றவர்கள் நாகரிகமாக உதடு நனைத்தார்கள். விக்னராஜா தேயிலைக்காரர் முறைப்படி ஓசையெழ உறிஞ்சி, நாவில் உருட்டி, வாளியில் துப்பினார். மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"அண்ணை, மெல்ல. சனம் பாக்குது," என்றான் கணக்குப் பிரிவுத் தேவராஜா.

"காத்துச் சேராட்டி மணம் மூக்குக்கு ஏறாது."

"அப்ப ஏன் துப்புறியள்?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விழுங்கினனெண்டு தெரிஞ்சா வீட்டில சோறில்லை."

நாலாவது கிண்ணத்தில் முதலில் பழுத்த பேரிக்காய் மணந்தது. பிறகு சோறு வடித்த கஞ்சியின் மெல்லிய இனிப்பு. கடைசியில் எதுவுமே இல்லாத ஒரு தூய்மை. கிழமையை மறந்து விழுங்கிவிட்டார். தேவராஜா கண்டும் காணாதவன்போல் இருந்தான்.

ஐந்தாவதில் கருகிய வைக்கோல் வாடை. அதை ஊற்றிய போத்தலை விக்னராஜா அறிவார். மூன்று வாரம் கண்ணாடி ஜன்னலில் காட்சிக்கு நின்றது அது. 'வெயில் பட்டுக் கெட்டது' என்று எழுதினார்.

"ஜன்னலில வைச்சது ஆர்? உங்கட முகாமையாளர் துரைதானே. வெட்டிவிடுங்கோ, அண்ணை. வேலை அவற்ற கையில," என்றான் தேவராஜா.

"வெட்டினா நான் இதைக் குடிக்கேல்லை எண்டாகும்."

குறிப்புகளை வாங்கிப் படித்த ஜப்பானிய மது தயாரிப்பாளர், ஐந்தாவதை எடுத்து, விக்னராஜாவைவிடப் பலமான ஓசையுடன் உறிஞ்சித் துப்பினார். பின் அந்தப் போத்தலை முழுவதுமாக வாளியில் கவிழ்த்தார். முகாமையாளர் முகம் சிவந்து நின்றார்.

பதவி ஐந்தாவதைப் புகழ்ந்து எழுதியவருக்குப் போனது. திங்கட்கிழமை முகாமையாளர் களஞ்சியத்துக்கு வந்து, அடுத்த சாக்கேப் பெட்டிகளை எங்கே அடுக்கலாம் என்று கேட்டார். வெளிச்சம் புகாத மூலையொன்றைக் காட்டிய விக்னராஜா, அங்கேதான் அடுக்க வேண்டும் என்ற உத்தரவை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டார்.