புளியங்கொட்டைகள் ஒளிய ஓர் இடம்

நான் போர் விளையாட்டுகள் வடிவமைக்கிறேன். கணினியில் அல்ல, மேசையில் அட்டையை விரித்துப் பகடை உருட்டி ஆடுவது. அதிலும் எனக்குப் பிடித்தது கொரில்லாப் போர்: ஒரு பக்கம் அரசுப் படை, மறுபக்கம் ஒளிந்து திரியும் கலகக்காரர்கள். பிழைப்புக்கு மென்பொருளில் பிழை தேடும் வேலை. உறவினர் யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறாள் என்றால் எந்த வரனும் படியேறாது என்பது அவர் கவலை.

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று என் முந்தைய விளையாட்டுகளை மிக மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தது. இந்த முறை, தங்கள் ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்து, பிடித்தால் அச்சிடுவதாக எழுதினார்கள். என் முதல் விளையாட்டுப் பெட்டி கடைக்குப் போகுமா என்பது அந்த ஒரு சோதனையில் இருந்தது.

எங்கள் வீட்டுச் சோதனைக்கூடம் சாப்பாட்டு மேசை. படைக்கு, பெரிய மார்க்கெட் பக்கம் வாங்கிய வெள்ளைப் பித்தான்கள். கலகக்காரர்களுக்குப் புளியங்கொட்டை. பித்தான்கள் அம்மாவுடையவை, அரசாங்கமாக இருக்க அவருக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. புளியங்கொட்டைகள் மாமாவுடையவை. அம்மாவின் தம்பி, வீராம்பட்டினத்தில் டெம்போ ஓட்டுபவர், ஞாயிறு தவறாமல் மீனோடு வந்துவிடுவார்.

வரைபடத்தில் இரண்டு மாவட்டங்கள், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். முக்கியமான விதி இது: படை நிறம் மாறி நுழைய வேண்டுமென்றால் ஒரு சுற்று காத்திருந்து அனுமதி வாங்க வேண்டும். கலகக்காரர்களுக்கு யாரும் அனுமதி தரப்போவதில்லை, ஆகவே காத்திருக்கவும் வேண்டாம்.

பதிப்பாசிரியரின் மின்னஞ்சல் வந்தது. விதிகள் பிடித்திருக்கின்றன. ஆனால் வரைபடக் கோப்பு கெட்டுவிட்டது போலிருக்கிறது. மஞ்சளுக்கு நடுவே பச்சைத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. சோதனைக்கு முன் சரிசெய்து அனுப்பவும்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். கெடவில்லை. நான் அப்படித்தான் வரைந்திருந்தேன். ஏன் என்று யோசித்ததே இல்லை. இருந்தாலும் பிழை என்று யாராவது சொன்னால் திருத்துவது என் தொழில்பழக்கம். பச்சையை எல்லாம் மேற்கே ஒதுக்கி, மஞ்சளைக் கிழக்கே தள்ளி, நடுவே நேர்கோடு போட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

அந்த ஞாயிறு புது வரைபடத்தில் ஆடினோம். முதல் டீ ஆறுவதற்குள் அம்மா எல்லாப் புளியங்கொட்டைகளையும் பிடித்துவிட்டார்.

"இன்னா அக்கா இது, கருணையே இல்லையா?" என்றார் மாமா.

"கொரில்லான்னு வந்துட்டு கருணை கேக்கறியா? ஓடுடா."

"எங்க ஓடுறது? முன்னாடி பக்கத்துலயே மஞ்சா இருக்கும், சட்டுனு பூந்துடுவேன். இப்ப பார்டருக்குப் போறதுக்குள்ள சாவு மேளம் கேக்குது."

மறுபடி ஆடினோம். அதே கதை. பக்கம் மாறி ஆடினார்கள். இப்போது மாமா அரசாங்கம், அம்மா புளியங்கொட்டை. அம்மாவும் மாட்டினார், அதை என் குற்றமாகவே கருதினார்.

"முன்னாடி நல்லா இருந்துச்சேடி. இன்னா பண்ணித் தொலைச்ச?"

மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன். மாமா சிரித்ததில் பித்தான்கள் உருண்டன.

"ஏம்மா, நீ காலாப்பட்டுக்கு காலேஜ் போனியே பஸ்ல, அதுல எத்தினி தடவ ஸ்டேட்டு மாறும்? அத்த வரைஞ்சி வெச்சிருக்க."

அப்போதுதான் உறைத்தது. பாண்டியில் ஏறினால் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு, அப்புறம் மறுபடி பாண்டி. பஸ்ஸில் ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. மாநிலம் என்றால் ஓட்டை விழுந்த துணிபோலத்தான் இருக்கும் என்று நானும் வளர்ந்திருக்கிறேன். அந்த ஓட்டைகளில்தான் என் கலகக்காரர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள். நேர்கோட்டு வரைபடத்தை அனுப்பினால் பதிப்பாசிரியர் மகிழ்வார், ஆட்டம் செத்துப்போகும். பழையதை அனுப்பினால் ஆட்டம் பிழைக்கும், திருத்தத் தெரியாதவள் என்று என்னைக் கழித்துக்கட்டலாம்.

"அவன் கேட்டதையே அனுப்பு. பொட்டி வந்தா போதும்" என்றார் மாமா.

"கம்முனு இருடா. ஜெயிச்சிக்கினே இருந்தா எனக்கே தூக்கம் வருது, காசு குடுத்து வாங்குறவன் திட்ட மாட்டான்?" என்றார் அம்மா.

பழையதையே அனுப்பினேன். கூடவே எங்கள் பிரதேசத்தின் சாதாரண வரைபடம் ஒன்றையும் இணைத்து இரண்டு வரி எழுதினேன்: கோப்பு கெடவில்லை. நான் இப்படி ஓர் இடத்தில் வசிக்கிறேன்.

சில வாரங்கள் சத்தமே இல்லை. அம்மா தினமும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி சாதம் கூடுதலாகப் போட்டார். பிறகு பதில் வந்தது. இணைத்த வரைபடத்தை அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்களாம். பிறகு ஆடினார்களாம். அச்சிடுகிறார்கள். ஒரே நிபந்தனை, விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில், மற்ற விதிகளுக்கு மேலே, ஒரு வரி வர வேண்டும்: வரைபடத்தில் அச்சுப்பிழை இல்லை.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அத்த அப்பிடியே கோரிமேடு பார்டர்ல ஒரு போர்டா எழுதி மாட்டச் சொல்லும்மா" என்றார்.

அம்மா மேசையைத் துடைத்து, பழைய வரைபடத்தை விரித்து, பித்தான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.