கண்ணுக்குக் கீழே இரண்டு பை

பிறந்ததிலிருந்து இன்றுவரை சாராயம், பிராந்தி, பீர் எதையும் நான் நாக்கில் வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரைக்குடியில் இதை நம்ப இப்போது ஆள் இல்லை. இருமல் மருந்தில் ஆல்கஹால் இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் வாய்தவறிச் சொன்னதற்கு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் இருமிக்கொண்டே திரிந்தவன் நான். ஆனால் ஆண்டவன் என் கண்ணுக்குக் கீழே இரண்டு பையைத் தைத்து அனுப்பிவிட்டான். எங்கள் அப்பாவுக்கு வயசான காலத்தில் வந்தது, எனக்கு நாற்பதிலேயே வந்துவிட்டது. ஐம்பது தாண்டியதும் இன்னும் தொங்கிப்போனது. காலையில் கண்ணாடி முன்னால் நின்றால், ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு இப்போதுதான் எழுந்து வந்தவன் மாதிரி ஒருவன் என்னையே பார்ப்பான்.

எனக்குப் பெயிண்ட் கடை. காலையில் சாமான் எடுக்க வருகிற பெயிண்டர்கள் என் மூஞ்சியைப் பார்த்ததும், "என்ன மொதலாளி, நேத்து ஃபுல்லா?" என்பார்கள். நானும், "ஆமாப்பா, அஞ்சு லிட்டர் பிரைமர்" என்று சொல்லிவிட்டு டின்னை எடுத்துக் கொடுப்பேன். கேலிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

நஷ்டம் என் மகளுக்கு வந்தது. அவளோடு கல்லூரியில் படித்த பையன், ஒக்கூர்க்காரன். நிலபுலம் உள்ள குடும்பம், விவசாயத் துறையில் வேலை. பிள்ளைகள் இரண்டும் மனசுக்குப் பிடித்து, வீட்டில் சொல்லி, சாதகமும் பார்த்து, எல்லாம் கூடி வந்த சமயம். பையனின் அம்மாவும் அப்பாவும் பெண் பார்க்க வந்தார்கள். வந்த அம்மா என் மகளைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் போய் என் மனைவியிடம் தணிந்த குரலில், "அவுக கண்ணு ஏன் இப்பிடி வீங்கிக் கெடக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

என் மனைவி வெள்ளந்தி. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்ன பதில் இது: "அது ஒண்ணுமில்லம்மா, எல்லாம் தண்ணிதான். வருசக்கணக்கா இருக்கு. டாக்டரும் கொறைக்கச் சொல்லித்தான் பாக்குறாரு, இவுக எங்க கேக்குறாக!"

அவள் சொன்ன தண்ணி, உடம்பில் கோத்துக்கொள்ளும் நீர். குறைக்கச் சொன்னது உப்பை. ஆனால் தண்ணி என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்! அந்த அம்மா "ஓ" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

மறுநாள் பையன் என் மகளிடம் போனில் சொல்லிவிட்டான். அவன் அம்மாவோடு பிறந்த ஒரே அண்ணன் குடித்தே செத்தவராம். ஈரல் வெந்துபோய், வயிறு ஊதி, இந்தம்மா மடியில்தான் உயிர் போயிருக்கிறது. "அந்தக் கண்ண நான் எங்கண்ணன் மூஞ்சியில பாத்திருக்கேன். குடிகாரன் வீட்டுச் சம்பந்தம் எம் பிணத்துக்கு மேலதான்" என்று சொல்லிவிட்டாராம். என் மகள், எங்கப்பா தொடவே மாட்டாக என்று அழுது பார்த்திருக்கிறாள். அதற்கும் அந்த அம்மாவிடம் பதில் இருந்தது: "எங்கண்ணன் மகளும் இதத்தான் சொல்லுவா. எந்தப் புள்ள அப்பனை விட்டுக்குடுக்கும்?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பாம்பு கடித்தவருக்குக் கயிறும் பாம்புதான். ஆனால் போலீஸ்காரன் மெஷினைக் கொண்டு வா, ஊதுகிறேன், ரத்தத்தை எடு, மூத்திரத்தை எடு என்று வீட்டுக்குள்ளேயே கத்தினேன். ஓட்டுக்கூரையைத் தவிர யார் கேட்டார்கள்? என் மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். என்னிடம் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இன்னொரு பெண்ணைப் பார்க்க அவன் வீட்டில் ஆரம்பித்துவிட்டார்கள் என்றும், தை வரைக்கும் பேசாதீர்கள் என்று பையன் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் இந்தப் பைகளை அறுத்து எறிந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு அப்பன்காரன் மூஞ்சிக்கு அழகு ஆபரேஷன் செய்கிறான் என்றால் பக்கத்து ஊர் கல்லல் வரைக்கும் சிரிப்பார்கள்.

முதலில் திருச்சியில் ஒரு டாக்டர். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "வெளிப்பக்கமா போயிரலாம்" என்றார். கீழ் இமை முடிக்கு அடியில் மெல்லிசாய் ஒரு கீறல் போட்டு, உள்ளே பிதுங்கி நிற்பதை எடுத்து, தொங்குகிற தோலையும் வெட்டி இழுத்துத் தைத்துவிடுவாராம். பை, சுருக்கம் இரண்டும் ஒரே வேலையில் போய்விடும். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

என் மனைவிதான், "ஒருத்தர் சொன்னா போதுமா? கண்ணுங்க, கதவு இல்ல" என்று மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இமை ஆபரேஷன் மட்டுமே செய்கிற ஒரு டாக்டரம்மா. நீர் கோத்திருக்கிறது என்று நாங்கள் ஆரம்பித்ததும், "இது தண்ணி இல்லீங்க, கொழுப்பு" என்றார். கண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கும் கொழுப்பு, முன்னால் பிடித்திருக்கும் சவ்வு தளர்ந்ததால் பிதுங்கிவிட்டதாம், குடும்பத்தில் வழிவழியாக வருமாம். என் மனைவி சும்மா இருப்பாளா? "இவுகளுக்குக் கொழுப்புன்னு கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள். அந்த இரண்டு மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மா என் கீழ் இமையை விரலால் பிடித்து இழுத்து விட்டார். அது சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். என்னுடையது யோசித்து யோசித்துத் திரும்பிப் போனது. "இமை தளர்ந்திருக்கு. வெளிப்பக்கமா வெட்டித் தோலை எடுத்தா, இமை கீழ இழுபட வாய்ப்பு இருக்கு. மூலையில தையல் போட்டு இறுக்கித்தான் செய்யணும், அப்படியும் உத்தரவாதம் சொல்ல முடியாது. இழுபட்டா கண்ணு முழுசா மூடாது. செவந்து போகும், தண்ணி வடியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவந்த கண்ணும் வடிகிற நீருமாய் நான் ஒக்கூருக்குப் போய் நின்றால்? குடிகாரன் மாதிரி இருந்தவன் குடிகாரனாகவே ஆகிவிடுவேனே!

இன்னொரு வழி உள்பக்கம். கீழ் இமையை மடித்து, உள்ளே இருக்கும் சிவப்புச் சதையில் கீறி, கொழுப்பில் கொஞ்சத்தை எடுத்து, மிச்சத்தைக் கீழே இருக்கும் பள்ளத்தில் பரப்பிவிடுவது. வெளியே தழும்பு இருக்காது, இமை இழுபடும் பயமும் குறைவு. ஆனால் தோல் அப்படியே நிற்கும். பை வற்றியதும் அது காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கித் தெரியலாம். எந்த வழியில் போனாலும், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது என்றாலும், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிப் பார்வை போகிற ஆபத்து என்று ஒன்று உண்டு என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

பெயிண்ட் கடைக்காரனுக்குச் சுவரைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியும். உள்ளே ஈரம் ஓதமாய் ஏறியிருந்தால் வெளியில் எத்தனை கோட் அடித்தாலும் உரிந்துதான் வரும், உள்பக்கத்தைப் பார் என்பேன். ஆனால் சுருங்கிய தோலையும் பார்த்துவிட்டு அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? ஊருக்குத் திரும்பியும் எனக்கு இதே யோசனை. உள்பக்கமா, வெளிப்பக்கமா? பக்கத்து இரும்புக்கடைக்காரர் ஏதோ கேட்டதற்கு, "உள்பக்கம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் திரும்பவும் மதுரைக்குப் போய், "உங்க அப்பாவா இருந்தா எதைம்மா செய்வீங்க?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "எங்கப்பாவா இருந்தா, எதுக்கு இந்த வயசுலன்னு கேப்பேன்" என்றார். அவ்வளவுதான், எனக்கு மனசு உடைந்துவிட்டது. தண்ணி, ஒக்கூர், பிசைந்த சோறு எல்லாவற்றையும் கொட்டி, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப உள்பக்கம்தான். சுருக்கம் கொஞ்சம் நிக்கும். அதைப் பாத்தா வயசாயிருச்சும்பாங்க. குடிகாரன்னு சொல்லமாட்டாங்க."

ஆபரேஷனுக்கு முன்னால் என் மனைவி கல்லல் பக்கத்தில் இருக்கும் எங்கள் முனியய்யா கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கத்தி வைக்கப்போவது டாக்டரம்மா, முனியய்யாவுக்கு இதில் என்ன வேலை என்றேன். "வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டுங்க" என்றாள். எங்களுக்கு முன்னால் நின்றவன் போதையில் நிற்கவே முடியாமல் ஆடினான். அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு, "இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுய்யா" என்று அழுதாள். பூசாரி அவன் கையில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு, அதே கொத்திலிருந்து இன்னொன்றை உருவி என் கையிலும் கட்டினார். தெரிந்த முகங்கள் நாலைந்து எங்களைப் பார்த்தன. நான் கும்பிட்டு வைத்தேன்.

கடையைப் பூட்டி, வெளியூர் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு, மதுரையில் என் கொழுந்தியாள் வீட்டு மாடியில் கிடந்தேன். ஊசி போட்டு மரத்துப்போனதால் ஆபரேஷனில் வலி தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் பட்ட பாடு! முகம் கறுத்து, நீலம் பாரித்து, இடது கண் வலதைவிட அதிகமாய் வீங்கியது. பார்வை போய்விட்டதோ என்று ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டர் எழுத்தைப் படித்துப் படித்துப் பார்த்தேன். பெண்ணின் வாழ்க்கைக்காகக் கண்ணைக் கொடுத்துவிட்டேன், இனி அவள் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று ஒருநாள் விடியவிடியப் புலம்பினேன். என் மகள் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே, "அந்தக் கல்யாணமே வேணாம்ப்பா, நீங்க முழுசா இருங்க போதும்" என்றாள். வீக்கம் வடிய வடியப் பையும் வற்றியது. கோடு கோடாய்ச் சுருக்கம் மட்டும் நின்றது. டாக்டரம்மா வாக்கு தப்பவில்லை, வயசானவன் மாதிரி இருந்தேன்.

பையன் கெஞ்சிக் கூத்தாடி, தை பிறந்ததும் அவன் அம்மாவை ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்தான். அவர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவர் கண் என் கைக்கு இறங்கி, சிவப்புக் கயிற்றில் நின்றது.

"முனியய்யா கோயில்ல நீங்க கயிறு கட்டுனதப் பாத்தவுக சொன்னாக. கடையக்கூட அடைச்சிட்டு எங்கிட்டோ வைத்தியத்துக்குப் போயிருந்தீகளாமே? நான் நம்பல. இப்ப மூஞ்சியே சொல்லுது" என்றார். "எங்கண்ணனுக்கும் மூணு கோயில்ல கயிறு கட்டுனேன். அவுகளால முடியல. நீங்க விட்டுட்டீகளேண்ணே!"

அண்ணே என்றார். மகனுக்குப் பெண் கொடுக்கிறவரை எங்கள் பக்கத்துப் பெண்கள் அழைக்கிற முறை அது. முதல் தடவை வந்தபோது அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

குடித்தால்தானே விடுவதற்கு என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆபரேஷன் என்று சொன்னால், குடிகார மூஞ்சியை அறுத்து மறைத்துவிட்டார்கள் என்று ஆகும். குடிக்கவே இல்லை என்றால், திரும்பவும் பொய் என்று ஆகும். மகளைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு, பொய்யாய் ஒத்துக்க வேண்டாம்ப்பா என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, விட்டுட்டேன்" என்றேன்.

என் மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா எழுந்து போய் அவளைத் தோளோடு அணைத்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"அழுவாத தாயி. அதான் ஒங்கப்பா திருந்திட்டாகல்ல. அழுதா கண்ணு வீங்கும்."