மிசஸ் கும்மிடிப்பூண்டி

பிரின்சிக்கு நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. எளாவூர்ப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். வீட்டில் எல்லோருக்கும் குனிந்து பழக்கம். இவள் மட்டும் சின்ன வயதிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள். "இன்னாடி, கலெக்டர் பொண்டாட்டி மாதிரி போற" என்று தெருவில் கேட்டால், "பொண்டாட்டி இன்னாத்துக்கு, கலெக்டருன்னே சொல்லேன்" என்பாள்.

சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. சாம்பல் நிறச் சட்டை, முடியை மூடிய தொப்பி, மாஸ்க், முனையில் இரும்பு வைத்த ஷூ. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்ணுக்கு மை இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் மைய மிஷினா பாக்கப் போவுது?" என்று லைனில் பக்கத்தில் நிற்கும் கன்னியம்மா கேட்டாள்.

"அதுக்கும் ஒரு கண்ணு வச்சிகிறாங்களேக்கா, சென்சாரு. பாத்துட்டுப் போவட்டும்."

கன்னியம்மா இப்போது அந்த லைனில் இல்லை. ஒருநாள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி அவளைக் கீழே தள்ளி இடது காலில் ஏறியது. ஷூவின் இரும்பையும் மீறி விரல்கள் போயின. அவளைப் பேக்கிங்கில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனியில் அந்தப் பழக்கம் வந்தது. வண்டிப் பாதையைக் கடக்கும் இடத்தில் தரையில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தார்கள். பட்டைக்கு முன்னால் நிற்க வேண்டும். வலது பக்கம் கையை நீட்டி "ரைட் ஓகே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இடது பக்கம் நீட்டி "லெஃப்ட் ஓகே." நேராக நீட்டி "ஃப்ரண்ட் ஓகே." காதில் விழுந்த எல்லோரும் பதிலுக்கு "ஓகே" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கால் எடுத்து வைக்கலாம்.

முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு செய்தார்கள். பிறகு கை தானாகவே எழ ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், மாமியார் வீட்டு வாசலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரின்சி மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது நடுப்பாதையில் கையை நீட்டிவிட்டாள். பின்வரிசையிலிருந்து கம்பெனிப் பெண்கள் "ஓகே" என்றார்கள். சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

பஜாரில் துளசிராமன் என்ற வியாபாரி புது ஜவுளிக்கடை திறந்த சமயத்தில் 'மிசஸ் கும்மிடிப்பூண்டி' என்று ஒரு அழகிப் போட்டி வைத்தார். கல்யாணமான பெண்கள் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். புடவை கடையே கொடுக்கும், போட்டி முடிந்ததும் மடித்துத் திருப்பித் தந்துவிட வேண்டும். நடுவர்கள் துளசிராமன், அவர் மனைவி, கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பல் டாக்டர். பிரின்சி பெயர் கொடுத்தாள். அவள் புருஷன் சாம்சன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறவன். "உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்று மட்டும் கேட்டான். அவள் அரக்குப் பட்டுப் புடவையைத் தேர்ந்தெடுத்தாள்.

கல்யாண மண்டபத்தில் பலகை அடித்து நீளமாக ஒரு நடைமேடை போட்டிருந்தார்கள். விளக்கு ஒயர் மேடைக்குக் குறுக்கே போனது. யாரும் தடுக்கி விழக் கூடாதென்று எலக்ட்ரீஷியன் அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார். மஞ்சளும் கறுப்புமான டேப்.

பிரின்சி அழகாகத்தான் நடந்து வந்தாள். டேப்புக்கு முன்னால் கால் நின்றது. கை எழுந்தது. ரைட் ஓகே, லெஃப்ட் ஓகே, ஃப்ரண்ட் ஓகே என்று மண்டபம் அதிரச் சொல்லிவிட்டாள். சிரிப்பு வெடித்தது. மைக் வைத்திருந்தவன், "டிராஃபிக் போலீஸ் மேடத்துக்கு ஒரு கைத்தட்டு" என்றான். துளசிராமன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறொருத்தியாக இருந்தால் ஓடியிருப்பாள். பிரின்சி டேப்பைத் தாண்டி மேடையின் முனைவரை போனாள். இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். திரும்பி வரும்போது டேப்புக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று இன்னொரு முறை செய்தாள், இன்னும் சத்தமாக. கிரீடம் துளசிராமனின் மைத்துனர் மனைவிக்குப் போனது.

யாரோ எடுத்த வீடியோ சிப்காட் முழுக்கப் போய், சென்னைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து வசந்தகுமார் என்ற டைரக்டர் காரில் வந்து இறங்கினார். சின்ன ஊர் அழகிப் போட்டியைப் பற்றிப் படம் எடுக்கிறாராம். போட்டியில் கை காட்டும் பெண்ணாக அவளே நடிக்க வேண்டுமாம்.

"கிண்டல் படம் மேடம். சட்டையர். சமூகத்தைக் கிண்டல் பண்றோம்."

"சமூகம்னா யாரு சார்? நாங்களா, துளசிராமன் சாரா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா சரி" என்றாள் பிரின்சி.

சாம்சன் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். "ஊரே உன்ன பாத்து சிரிக்குது. இன்னும் பத்தலியா?"

"போன்ல ஓசியில சிரிச்சவன்லாம் இப்ப டிக்கெட் வாங்கி சிரிக்கட்டும்."

"கம்பெனில கேட்டா?"

"கம்பெனில மாஸ்க்க கழட்ட உட்டானா ஒருநாளாவது? சினிமாக்காரன் கழட்டச் சொல்றான். நான் போவேன்யா."

அதே மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். பார்வையாளர்களாக உட்காரக் கம்பெனிப் பெண்களையே கூப்பிட்டிருந்தார்கள். காலை நாஷ்டா, மதியம் பிரியாணி. எல்லோரும் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்திருந்தார்கள். கன்னியம்மா தடியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துளசிராமன் துளசிராமனாகவே நடிக்க ஒப்புக்கொண்டு, நடுவர் நாற்காலியில் ரோஜா மாலையோடு இருந்தார். டேப்பும் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை ஒட்டியது ஆர்ட் டைரக்டர்.

"இவங்க கை காட்டினதும் நீங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கணும்" என்று வசந்தகுமார் பெண்களிடம் சொன்னார். தலையாட்டினார்கள்.

துளசிராமன் கடையிலிருந்து வந்த அதே அரக்குப் பட்டில் பிரின்சி நடந்து வந்தாள். நின்றாள். ஃப்ரண்ட் ஓகே என்று முடித்ததும் மண்டபம் மொத்தமும் ஒரே குரலில் "ஓகே" என்றது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கினார்.

"கட். ஓகே சொல்லக் கூடாதும்மா. சிரிக்கணும்."

"சாரி சார்" என்றார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் "ஓகே."

"யார் சொல்லிக் குடுத்தது இது?"

"வாயில வந்துருது சார்" என்றாள் கன்னியம்மா. "நீங்க வேணா வாயில துணி வச்சிக்கச் சொல்லுங்க."

அதற்குச் சிரித்தார்கள். துளசிராமனின் மாலை சரிந்து காதில் தொங்கியதற்குச் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. வசந்தகுமார் கெட்டவரில்லை. கோபித்துக்கொள்ளாமல் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார். பிறகு பிரின்சியை மேடையின் முனைக்கு அழைத்துப்போய்க் கீழே காட்டினார். மெத்தை போட்டு, மெத்தைமேல் பெரிய கேக் ஒன்று வைத்திருந்தார்கள்.

"இதான் மேடம் சீனோட பஞ்ச். மூணு பக்கமும் கை காட்டறீங்க. எல்லாம் ஓகே. அப்படியே கெத்தா நடந்து வந்து இங்க தொப்புனு விழறீங்க, கேக் மேல."

பிரின்சி கேக்கைப் பார்த்தாள். "இத மொதல்ல சொல்லல."

"சொன்னா நேச்சுரலா வராது. அடி படாது மேடம், நான் கேரண்டி."

"அடிக்கு இல்ல சார். எங்க லைன்ல உயுந்த ஆளு அதோ வெளிய டீ குடிச்சினு இருக்குது. அது உயுந்தப்ப ஒருத்தரும் சிரிக்கல. கை காட்னா உயமாட்டோம்னுதான் தெனம் காட்டிக்கினு இருக்கோம். நான் காட்டிட்டு உயுந்தா, நாளைக்கு லைன்ல யாரு கை தூக்குவா? சிரிப்பாங்க."

"படம் மேடம் இது."

"படம்தான். என் மூஞ்சிதான இருக்குது அதுல."

வசந்தகுமார் தலையைச் சொறிந்தார். "ரெண்டு நிமிஷ காமெடிக்கு இவ்ளோ யோசிச்சா எப்படி? நீங்கதான் சிரிச்சா பரவால்லன்னீங்க."

"இப்பவும் பரவால்ல. நான் நடக்கறத பாத்து சிரிங்க, பேசறத பாத்து சிரிங்க. கோமாளி மாதிரி பவுடர் பூசி உடுங்க, நிக்கறேன். உயமாட்டேன். யாராவது உயுந்துதான் ஆவணும்னா துளசிராமன் சார உயச் சொல்லுங்க. அவரு ஒடம்புக்குத்தான் இந்த மெத்த கரெக்டா பத்தும்."

துளசிராமன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

"நடிக்கறேன்னு போட்டேன். உயறேன்னு போடல."

மேடை முனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அரக்குப் பட்டு கசங்கியது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவளைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள், கெஞ்சினார்கள், முறைத்தார்கள், போனார்கள். கேக்கின் ஓரம் உருக ஆரம்பித்தது. கடைசியில் வசந்தகுமாரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி மேடம், விட்ருங்க. அந்த சீனே வேணாம். மிச்சத்த முடிச்சிக் குடுங்க."

முடித்துக்கொடுத்தாள். போகும்போது கேக்கைப் பெண்கள் எல்லோருக்கும் வெட்டித் தரச் சொன்னாள். தந்தார்கள்.

படம் பொன்னேரியில் வந்த முதல் ஞாயிறு, கம்பெனி லைன் மொத்தமும் ரயிலேறிப் போனது. சாம்சனும் வந்தான். தியேட்டர் வாசலில் துளசிராமன் தன் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். பிரின்சி படம் ஒரு மூலையில், கை மட்டும் நீட்டியபடி இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அவள் வந்தாள். திரை முழுக்க அவள் முகம். மாஸ்க் இல்லை, தொப்பி இல்லை. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. இருட்டில் பிரின்சி தன் கன்னத்தைத் தொட்டுப்பார்த்துக்கொண்டாள். சாம்சன் வாயைத் திறந்தபடி இருந்தான். "நல்லாத்தான்டி இருக்கிற" என்று மெதுவாகச் சொன்னான்.

திரையில் அவள் கை காட்டினாள். பெண்கள் சொன்ன "ஓகே"யைக் காணவில்லை. அந்த இடத்தில் முன்பின் தெரியாத யார் யாருடைய சிரிப்போ கேட்டது. பிறகு பின்னாலிருந்து காட்டினார்கள். அரக்குப் பட்டு கட்டிய ஒருத்தி நிமிர்ந்து நடந்து போனாள். முனையில் கால் காற்றில் போனது. கேக்கில் முகம் புதைய விழுந்தாள். தியேட்டர் கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. கம்பெனிப் பெண்கள் இருந்த வரிசையில் மட்டும் சத்தமில்லை. கன்னியம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ உயலன்னு சொன்னியேடி."

"உயலக்கா."

"பின்ன?"

பிரின்சி எழுந்தாள். சாம்சன் கையைப் பிடித்தான். "உக்காரு. மானம் போவுது."

"போன மானத்தத்தான்யா இட்டாரப் போறேன்."

கையை உதறிக்கொண்டு படிகளில் இறங்கிப் போனாள். திரைக்கு முன்னால் இருந்த திட்டில் ஏறி நின்றாள். படம் அவள் புடவைமேல் ஓடியது. துளசிராமனின் சிரித்த பற்கள் அவள் தோளில் விழுந்தன.

"யாரும்மா அது, நகரு. படம் தெர்ல" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"தெரியாது. நான் சொல்லிட்டப்பறம்தான் தெரியும்" என்றாள். லைனில் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். கடைசி வரிசைக்கும் கேட்டது. "இப்ப பாத்தீங்களே, அதுல மூஞ்சி என்னுது. நடை என்னுது. உயுந்தது நான் இல்ல."

"அப்ப யாரு உன் தங்கச்சியா?" சிரிப்பு.

"யாருன்னு எனக்கும் தெர்ல. என் பொடவைய கட்டி யாரையோ தள்ளி உட்டுகிறாங்க. பாவம், அவளுக்கு இன்னா கஷ்டமோ. என்ன உயச் சொன்னாங்க, நான் உயல. அந்த சீனே இல்லன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டாங்க. சிரிக்கறவங்க சிரிங்க. நாளைக்கு தெருவுல என்ன பாத்து உயுந்தவன்னு சொன்னீங்கன்னா, நேரா உங்க ஊட்டுக்கு வந்துருவேன்."

"வாக்கா, வந்து சோறு துன்னுட்டுப் போ" என்றது வேறொரு குரல். அதற்கு அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் இறங்கவில்லை.

தியேட்டர் மேனேஜர் டார்ச்சோடு ஓடி வந்தார். "அம்மா, ஆடியன்ஸுக்கு டிஸ்டர்பு. எறங்கு. ஏதாவது சொல்லணும்னா டைரக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

"அவரு ஆயிரம் பேருகிட்ட காட்டுவாரு. நான் அவரு ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லணுமா?"

மேனேஜர் டார்ச்சை அவள் முகத்தில் அடித்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல மோவாயைத் தூக்கினாள். இடைவேளை விளக்கு எரியும்வரை அப்படியே நின்றாள். எரிந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரையில் பார்த்த முகத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "அதேதான்" என்றார். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

சாம்சன் முட்டை போண்டா வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"முட்ச்சிட்டியா? வா, ஊட்டுக்குப் போலாம்."

"இந்த ஆட்டத்துக்கு வந்தவங்களுக்குத்தான சொன்னேன்" என்றாள் பிரின்சி. போண்டாவை வாங்கிக் கடித்துக்கொண்டே டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். நாளை அவளுக்குக் காலை ஷிஃப்ட். ஷிஃப்ட் முடிந்து வர மாலை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று குனியாமல் கேட்டாள். உள்ளே இருந்தவர் பதில் சொல்வதற்காகத் தலையைச் சாய்த்து, நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.