எவ்ளோ நேரம் பறந்தே?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். மகள் ஜெனிபர் வெளியூரில் விமானப் பயிற்சியில் இருக்கிறாள். லைசென்ஸுக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனால் தினமும் போனில், "இன்னைக்கு எவ்ளோ நேரம் பறந்தே?" என்றுதான் கேட்பேன்.

ஒருநாள் அழுதாள். "மேகம் ஜாஸ்தியா இருந்திச்சும்மா. வேணாம்னுதான் தோணிச்சு. நீ கேப்பியேன்னு தனியா கெளம்பிட்டேன். மேல போனதும் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. பயந்துபோய்த் திரும்பி வந்து எறக்கிட்டேன்."

"நான் கேட்டதுதான் தப்பு, கண்ணு" என்றேன்.

அதற்குப்பின் நான் மணிக்கணக்கு கேட்பதில்லை. போன வாரம் அவளே, "காத்து ஜாஸ்தி, இன்னைக்குப் பறக்கலம்மா" என்றாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில், என் மகள் பறக்காமல் இருந்ததை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

- எஸ்தர், மாதனூர்